வாடகைச் சொத்து மதிப்பீடு

வாடகைச் சொத்து மதிப்பீடு என்பது, வாடகைக்கு விடும் நோக்குடன் வாங்கப்படும் வீடு, கடை முதலிய கட்டடங்கள், அவற்றில் இடப்படும் பணத்துக்குத் தக்க வருவாயைத் தருமா என்பதைக் கணித்து அறியும் முறையாகும். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இச்சொத்துக்குச் சந்தையில் என்ன வாடகை கிடைக்கும் என்பது ஒன்று. அவ்வாடகையைத் தரும் சொத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கண்ட பின்னரே இரண்டாவதற்குச் செல்ல முடியும். நடைமுறையில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். வீட்டை வாங்கிய பின்னர், கொடுத்த விலையையும் கட்டவேண்டிய மாதத் தவணையையும் கொண்டு வாடகையைத் தீர்மானிக்க முயல்கின்றனர்.

வாடகைக்கு வருபவருக்கு உரிமையாளர் வீட்டை என்ன விலைக்கு வாங்கினார் என்பது தெரியாது; தெரிந்தாலும் அது அவருக்குப் பொருட்டன்று. ஒரே அடுக்ககத்தில் ஒரே அளவான இரண்டு வீடுகளுள் ஒன்று 2005 ஆம் ஆண்டிலும் மற்றொன்று 2023 ஆம் ஆண்டிலும் வாங்கப்பட்டிருக்கலாம். கொடுத்த விலைகள் பல மடங்கு வேறுபட்டாலும் இரண்டுக்கும் கிடைக்கும் வாடகை ஒன்றே. நிலவாடகை குறித்து இதையொத்த கருத்தை ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817 ஆம் ஆண்டில் முன்வைத்தார். நிலவாடகை உயர்வதால் தானியத்தின் விலை உயர்வதில்லை. தானியத்தின் விலை உயர்வதாலேயே நிலவாடகை உயர்கிறது என்பது அவரது விளக்கம்.

இக்கட்டுரை சென்னை நகரத்துக் குடியிருப்பு வீடுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

சந்தை வாடகை

கட்டாயம் ஏதுமின்றி, விவரம் அறிந்த உரிமையாளர் ஒருவரும் வாடகைதாரர் ஒருவரும் உடன்படக்கூடிய தொகையே சந்தை வாடகை எனப்படும். விளம்பரங்களில் காணப்படுவது கேட்கப்படும் வாடகை மட்டுமே. மூன்று மாதமாக "வாடகைக்கு" என்னும் பலகை தொங்கும் வீட்டின் வாடகை சந்தை வாடகை ஆகாது. அது சந்தை மறுத்த வாடகை. எனவே மதிப்பீடு செய்பவர், அண்மையில் குடியேறியவர்கள் உண்மையில் எவ்வளவு கொடுக்கின்றனர் என்பதையே அறிய முயலவேண்டும். இதனை அறிய அப்பகுதித் தரகர்கள், அடுக்ககக் காவலாளிகள், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோரை விசாரிப்பது வழக்கம். பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகையையும் ஒப்பீட்டுக்குக் கொள்ளுதல் தகாது. நல்ல குடித்தனக்காரரை இழக்க விரும்பாத உரிமையாளர்கள் வாடகையைச் சந்தை அளவுக்கு உயர்த்தாமல் விடுவதுண்டு.

ஒப்பிடும்போது பரப்பளவு என்ற சொல்லில் கவனம் தேவை. தரைவிரிப்புப் பரப்பு என்பது சுவர்களுக்கு உட்பட்ட, உண்மையில் புழங்கக்கூடிய இடமாகும். இதனுடன் சுவர்களின் தடிமன், மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றின் பங்கையும் கூட்டிச் சொல்லும் வழக்கம் பலகாலம் நிலவியது. 2016 ஆம் ஆண்டின் நிலமனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், அடுக்கக வீடுகளைத் தரைவிரிப்புப் பரப்பின் அடிப்படையில் விற்கவேண்டும் என விதித்தது. எனினும் வாடகைச் சந்தையில் பழைய கணக்கே இன்றும் பெரிதும் வழங்குகிறது. 1,000 சதுர அடி எனச் சொல்லப்படும் வீட்டில் புழங்கும் இடம் 750 சதுர அடியாக இருப்பது அரிதன்று.

வாடகையைக் கூட்டியும் குறைத்தும் விடும் காரணிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. சென்னையில் தண்ணீர் இவற்றுள் முதன்மையானது. ஏரிகள் வறண்ட 2019 ஆம் ஆண்டுக் கோடையில், லாரித் தண்ணீரை நம்பியிருந்த அடுக்ககங்களில் குடியிருந்தோர் வாடகையுடன் தண்ணீருக்கும் பெருந்தொகை செலுத்த நேர்ந்தது. அதற்கு எதிர்மாறாக, 2015 ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. முன்பு முதியோர் விரும்பிய தரைத்தளம், தாழ்வான பகுதிகளில் குறைபாடாகக் கருதப்படலாயிற்று. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி, கார் நிறுத்துமிடம், தொடர்வண்டி அல்லது மெட்ரோ நிலையத்துக்குள்ள தொலைவு, அருகில் உள்ள பள்ளி ஆகியனவும் கணக்கில் கொள்ளப்படும். வாடகைதாரர் பார்ப்பது தம் கையிலிருந்து மாதந்தோறும் செல்லும் மொத்தத் தொகையை. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் மூன்றும் சேர்ந்து 5,000 ரூபாயாகும் வீட்டில், அதே தரமுள்ள மற்றொரு வீட்டின் வாடகையை எதிர்பார்க்க இயலாது.

யாருக்கு வீடு விடப்படும் என்பதும் வாடகையைப் பாதிக்கிறது. குறிப்பிட்ட உணவுப் பழக்கம் உடையோருக்கு மட்டும், குடும்பத்தினருக்கு மட்டும் என்று வரையறுப்பதும், வெளிப்படையாகச் சொல்லாமலே சாதி, சமயம் பார்த்து மறுப்பதும் தமிழ்நாட்டு நகரங்களில் இன்றும் காணப்படுகின்றன. இதன் அநீதி ஒருபுறமிருக்க, இவ்வாறு செய்யும் உரிமையாளர் தம் சந்தையைத் தாமே சுருக்கிக்கொள்கிறார். மறுக்கப்படுவோர் அதே தரமுள்ள வீட்டுக்கு வேறிடத்தில் கூடுதல் வாடகை கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.

மொத்த வருவாயும் நிகர வருவாயும்

ஆண்டு வாடகையைச் சொத்தின் விலையால் வகுத்து நூற்றுவீதமாகக் கூறுவது மொத்த வருவாய் வீதமாகும். விலையை ஆண்டு வாடகையால் வகுத்தால் கிடைப்பது வாடகைப் பெருக்கெண். இரண்டும் ஒரே செய்தியின் இரு வடிவங்களே. ஓர் ஊரில் பல சொத்துகளை விரைவாக ஒப்பிட இவை பயன்படும். ஆனால் முதலீட்டு முடிவுக்கு இவை போதா.

60 இலட்சம் ரூபாய் விலையுள்ள இரு படுக்கையறை வீடு ஒன்றுக்கு மாத வாடகை 16,000 ரூபாய் எனக் கொள்க. ஆண்டு வாடகை 1,92,000 ரூபாய். மொத்த வருவாய் வீதம் 3.2%. ஆனால் வாங்குபவர் செலவழிப்பது 60 இலட்சம் மட்டுமன்று. முத்திரைத்தாள் தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு, குடியேற்றத்துக்கு முன்னான சில்லறை வேலைகள் ஆகியவற்றைச் சேர்த்தால் அது 66 இலட்சம் ஆகலாம். வரவிலும் குறைவு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் ஆண்டுக்குச் சராசரி 8,000 ரூபாய் இழப்பு. சொத்துவரிக்கு 6,000, வெள்ளையடித்தல், குழாய், மின்கம்பி, நீரேற்றி போன்ற மராமத்துக்கு 18,000, காப்பீடு, தரகு முதலியவற்றுக்கு 4,000. இவ்வாறு ஆண்டுக்கு 36,000 ரூபாய் கழிந்தால் எஞ்சுவது 1,56,000. இதனை 66 இலட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் நிகர வருவாய் வீதம் ஏறத்தாழ 2.4% மட்டுமே.

மராமத்துச் செலவு ஆண்டுதோறும் சீராக வருவதில்லை. ஐந்து ஆண்டுகள் ஒன்றுமில்லாமல் இருந்து, ஆறாம் ஆண்டில் மொட்டைமாடி ஒழுகும். ஆகவே செலவு நேராத ஆண்டிலும் அதற்கெனத் தொகை ஒதுக்கிக் கணக்கிடுவதே முறையாகும். வீட்டுக் கணக்குகளில் மிகுதியாக விடுபடுவது இதுவே. வருமான வரியைப் பொறுத்தவரை, இந்தியாவில் வாடகை வருமானத்திலிருந்து செலுத்திய சொத்துவரியைக் கழித்த பின்னர், எஞ்சிய தொகையில் 30% நிலைக்கழிவாக அனுமதிக்கப்படுகிறது. உண்மைச் செலவு அதனினும் கூடினாலும் குறைந்தாலும் இவ்வீதம் மாறாது. கடனுக்கான வட்டிக்குத் தனியே கழிவு உண்டு.

நிகர ஆண்டு வருவாயைக் கொண்டு விலையை மதிப்பிடும் முறை முதலாக்க முறை எனப்படும். ஒத்த சொத்துகள் அப்பகுதியில் எந்த வீதத்தில் விற்பனையாகின்றனவோ அவ்வீதத்தால் நிகர வருவாயை வகுத்தால் மதிப்பு கிடைக்கும். நிகர வருவாய் 1,56,000 ரூபாய் ஆகவும் வீதம் 3% ஆகவும் இருந்தால் மதிப்பு 52 இலட்சம். 2.5% என்றால் 62.4 இலட்சம். அரை விழுக்காட்டு வேறுபாடு 10 இலட்சத்துக்கு மேல் மாற்றுவதைக் காணலாம். இம்முறை அலுவலகங்கள், வணிக வளாகங்கள் ஆகியவற்றுக்கு நன்கு பொருந்தும். குடியிருப்பு வீடுகளை வாங்குவோருள் பெரும்பாலோர் தாமே குடியிருக்க வாங்குபவர்கள் ஆதலால், அங்கு விலை வாடகையை மட்டும் ஒட்டிச் செல்வதில்லை.

கடனும் விலையேற்றமும்

மேற்கண்ட வீட்டுக்கு 45 இலட்சம் ரூபாய் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டுத் தவணை எனக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 39,050 ரூபாய் ஆகும். செலவு போக வாடகையில் மாதத்துக்குக் கிடைப்பது 13,000 ரூபாய். மாதந்தோறும் 26,000 ரூபாய்க்கு மேல் உரிமையாளர் தம் வேறு வருமானத்திலிருந்து கட்டவேண்டும். "வாடகையே கடனை அடைத்துவிடும்" என்னும் பரவலான நம்பிக்கை இங்குப் பொய்த்துப்போகிறது. தவணையின் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் முதல் ஆண்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ 3.8 இலட்சம், நிகர வாடகையோ 1.56 இலட்சம்.

இத்தகைய முதலீடு வாடகைக்காகச் செய்யப்படுவதன்று. விலையேற்றத்தை எதிர்நோக்கிச் செய்யப்படுவது. வட்டியளவேனும் வருவாய் கிட்டவேண்டுமாயின், நிகர வாடகையின் 2.4% போக ஆண்டுக்கு 6% அளவில் விலை உயரவேண்டும். உயருமா என்பது பெரும்பாலும் நிலத்தைப் பொறுத்தது. கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது, நிலம் தேய்வதில்லை. ஆகவே அடுக்ககங்களில் ஒரு வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு என்பது, அறையின் அழகைவிட முதலில் பார்க்கவேண்டியதாகும். ஒரே விலையுள்ள இரு வீடுகளில் ஒன்றுக்கு 600 சதுர அடி நிலமும் மற்றொன்றுக்கு 250 சதுர அடி நிலமும் இருக்கலாம். வாடகை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கட்டடத்தை இடிக்கும் நாளில் இரண்டின் மதிப்பும் ஒன்றாக இராது.

காலியாக இருக்கும் காலம்

வாடகையைத் தீர்மானிப்பதில் உரிமையாளர்கள் அடிக்கடி செய்யும் பிழை, சில நூறு ரூபாய்களுக்காக வீட்டைக் காலியாக வைத்திருப்பதாகும். 16,000 ரூபாய்க்கு உடனே ஆள் கிடைக்கும் வீட்டுக்கு 17,000 கேட்டுக் காத்திருப்பதாகக் கொள்க. 16,000 வீதம் ஓர் ஆண்டில் 1,92,000 வரும். 17,000 வீதம் அத்தொகையை ஈட்ட 11.3 மாதங்கள் வேண்டும். அஃதாவது, காத்திருப்பு மூன்று வாரங்களைத் தாண்டினால் அவ்வாண்டில் இழப்பே. காலி வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும் என்பதைச் சேர்த்தால் இக்காலம் இன்னும் சுருங்கும். வாடகைதாரர் பல ஆண்டுகள் தங்கினால் காத்திருந்தது இலாபமாகவும் அமையலாம். ஆனால் அது முன்கூட்டி அறியக்கூடியதன்று.

ஒரே வகை வேலைவாய்ப்பை நம்பிய பகுதிகளில் இவ்விடர் பெரிது. 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கிச் சொந்த ஊர்களுக்குத் திரும்பியபோது, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் ஏராளமான வீடுகள் ஒரே நேரத்தில் காலியாயின. அலுவலகங்கள் திறந்த பின்னர் தேவை மீண்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களிலும் கடன் தவணை வளர்ந்துகொண்டே இருந்தது.

நியாய வாடகையும் சட்டமும்

வாடகையைச் சந்தையிடம் விடலாமா, அரசு தீர்மானிக்கவேண்டுமா என்பது முதல் உலகப் போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டிலிருந்தே இந்தியாவில் இருந்துவரும் வழக்கு. இதற்கு இரண்டு மாநிலங்கள் கண்ட விடைகள் நேர்மாறானவை. இரண்டும் தாம் நினைத்ததைச் சாதிக்கவில்லை.

பம்பாயில் 1947 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று நிலவிய அளவில் உறையச் செய்தது. பத்தாண்டுகள் கடந்தும் வாடகை மாறாததால், பல கட்டடங்களில் வாடகை வரி கட்டவும் காணாது போயிற்று. உரிமையாளர்கள் மராமத்தைக் கைவிட்டனர். குடியிருந்தவர்களே இடிந்துவிழும் கூரைகளின் கீழ் வாழ நேர்ந்தது. சட்ட வாடகைக்கும் உண்மை மதிப்புக்கும் இடையிலிருந்த வேறுபாடு, "பகடி" என்னும் பெருந்தொகையாகக் கைமாறியது. 1997 ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், இவ்வாறு வாடகையை உறையவைக்கும் பிரிவுகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன எனக் கூறியது. சட்டத்தின் காலம் விரைவில் முடியவிருந்ததால் அவற்றை உடனே நீக்கவில்லை. 1999 ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4% உயர்வை அனுமதித்தது.

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வேறு வழியில் சென்றது. உரிமையாளர், வாடகைதாரர் இருவருள் யாரும் "நியாய வாடகை" நிர்ணயிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். நிலத்தின் சந்தை மதிப்பையும், தேய்மானம் போகக் கட்டுமானச் செலவையும் கூட்டி, அதன்மேல் ஆண்டுக்குக் குடியிருப்புக்கு 9%, பிறவற்றுக்கு 12% என வாடகை கணக்கிடப்பட்டது. நிலவிலை குறைவாக இருந்த காலத்தில் இது முறையாகவே தோன்றியது. பின்னர் நகரின் நடுப்பகுதியில் நிலவிலை ஏறியபோது கணக்கு வினோதமாயிற்று. ஒரு பழைய வீட்டின் கணக்கில் சேரும் நிலம் 1.5 கோடி ரூபாய், தேய்ந்த கட்டடம் 10 இலட்சம் ரூபாய் எனக் கொண்டால், 9% வீதம் மாத வாடகை 1,20,000 ரூபாய் ஆகிறது. அவ்வீட்டுக்குச் சந்தையில் 30,000 ரூபாய்கூடக் கிடைக்காமலிருக்கலாம். வாடகைதாரரைக் காக்க வந்த விதி, பல வழக்குகளில் வாடகையை உயர்த்த உரிமையாளர் கையாளும் கருவியானது. விலையிலிருந்து வாடகையைக் கணக்கிட்டதால் நேர்ந்த முரண்பாடு இது.

இச்சட்டத்துக்கு மாற்றாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை என்பது இருவரும் எழுத்து மூலம் உடன்படும் தொகையே. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. சென்னையில் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகை முன்பணமாகப் பெறும் வழக்கம் இருந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதியவேண்டும் என்பதால் தோன்றிய 11 மாத ஒப்பந்த வழக்கம் இன்னும் மறையவில்லை.

ஒத்தி

மாத வாடகைக்கு மாற்றாக, ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அத்தொகையை முழுமையாகத் திரும்பப் பெறும் முறை தமிழ்நாட்டில் உண்டு. தென் மாவட்டங்களில் இது ஒத்தி என்றும், சென்னையில் "லீஸ்" என்றும், ஆவணங்களில் போக்கியம் என்றும் வழங்கும். தென் கொரியாவில் ஜொன்செ எனப்படும் முறையும் இதனை ஒத்ததே. இங்கு வாடகை என்பது அத்தொகைக்குக் கிடைத்திருக்கக்கூடிய வட்டியாகும். 6 இலட்சம் ரூபாய் ஒத்தியாக இருந்து, வைப்புத்தொகைக்கு வங்கி வட்டி 7% எனில், அவ்வீட்டின் மறைமுக வாடகை மாதம் 3,500 ரூபாய். இது சந்தை வாடகையைவிட மிகக் குறைவாகத் தோன்றினால், உரிமையாளர் ஏன் அதற்கு உடன்படுகிறார் என்று வாடகைதாரர் கேட்டுப்பார்க்கவேண்டும். வங்கியில் கடன் கிட்டாத நிலையிலும், ஏற்கெனவே உள்ள கடனை அடைப்பதற்காகவும் ஒத்திக்கு விடுவோர் உண்டு. வீடு முன்னரே வங்கியிடம் அடமானத்தில் இருந்து, தவணை தவறிய வங்கி அதனைக் கையகப்படுத்தினால், ஒத்திக்குக் குடியிருப்பவர் வீட்டையும் இழந்து, கொடுத்த பணத்துக்காக வழக்காடும் நிலைக்கு ஆளாகிறார். வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதும், ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதும் இவ்விடரைக் குறைக்கும். பதிவுச் செலவை மிச்சப்படுத்த வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது இன்றும் பரவலாக உள்ளது.